‘மெதுவாக’ என்றால் வேகத்தைக் குறைப்பதா, ஒலியைக் குறைப்பதா? பியானோ தொடக்கநிலையில் ஒரு குழப்பம்

தளிர்விரல்:

அனைவருக்கும் வணக்கம். நான் பியானோ கற்கத் தொடங்கிப் பத்து மாதங்கள் ஆகின்றன. எளிய பாடல்களை இரு கைகளாலும் சேர்த்து வாசிக்க முடிகிறது. தாளைப் பார்த்துச் சுரங்களை அடையாளம் காண்பதிலும் இப்போது பெரிய தடை இல்லை. ஆனால் சுரங்களுக்கு இடையே எழுதப்பட்டிருக்கும் இத்தாலியச் சொற்களையும் கொண்டை ஊசி வடிவக் குறிகளையும் பின்பற்ற முயன்றவுடன், அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பு நிலைகுலைந்துவிடுகிறது.

தற்போது பயில்வது, பாருக்கு (தாளில் குத்துக்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும்) மூன்று எண்ணிக்கை கொண்ட, 32 பார் நீளமுள்ள ஒரு சிறு நடன இசை. மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண் 80, அதாவது நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை, என்று போட்டிருக்கிறார்கள். ஒற்றைப் ‘பி’ குறியுடன் (பியானோ, குறைந்த ஒலி) தொடங்கி, 9ஆம் பாரில் ‘க்ரெஷெண்டோ’ (ஒலி வளர) என்றும், 13ஆம் பாரில் ‘எஃப்’ (ஃபோர்ட்டே, உரத்த ஒலி) என்றும், 15ஆம் பாரில் ‘போக்கோ ரிட்.’ (ரிட்டார்டாண்டோவின் சுருக்கம்; வேகம் கொஞ்சம் குறைய) என்றும், 17ஆம் பாரில் ‘ஆ டெம்போ’ (பழைய வேகத்துக்கு) என்றும் குறித்திருக்கிறது. 25ஆம் பாரிலிருந்து ‘டிமினுயெண்டோ’ (ஒலி குறைய). கடைசி இரண்டு பார்களில் மட்டும் ‘ரிட்.’.

என் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டபோது வெட்கமாகிவிட்டது. ஒலி கூட வேண்டிய 9ஆம் பாரில் நான் ஓடத் தொடங்குகிறேன். ஒலி குறைய வேண்டிய 25ஆம் பாரில் வேகமும் சேர்ந்து தளர்கிறது. கடைசியில் உண்மையாகவே வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வரும்போது குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. பாட்டு நின்றுவிட்டது போலத்தான் ஒலிக்கிறது. சென்ற வாரம் என் ஆசிரியை 25ஆம் பாரைச் சுட்டிக்காட்டி, “இங்கே மெதுவாக வாசியுங்கள்” என்றார். இன்னும் வேகத்தைக் குறைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டையும் கையில் எப்படிப் பிரிப்பது என்பதே என் முதன்மையான கேள்வி. ‘ரிட்.’ என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு ஏதாவது அளவு உண்டா என்பதையும், என்னுடைய ‘பி’, ‘எம்பி’ (‘பி’யைவிடச் சற்று உரக்க), ‘எம்எஃப்’ (‘எஃப்’பைவிடச் சற்றுக் குறைவாக) மூன்றும் ஒன்றுபோலவே கேட்பதை மாற்ற என்ன செய்யலாம் என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கருவெள்ளை:

வணக்கம். தொடக்கநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். உங்கள் ஆசிரியை சொன்ன சொல்லிலேயே சிக்கலின் ஒரு முனை இருக்கிறது. “மெதுவாகப் பேசு, குழந்தை தூங்குகிறது” என்னும்போது ஒலியைக் குறைக்கச் சொல்கிறோம். “மெதுவாக நட, தரை வழுக்கும்” என்னும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்கிறோம். ‘மெல்ல’ என்பதும் அப்படித்தான். ‘குரலை உயர்த்து’ என்றால் உரக்கப் பேசுவதா, மேல் சுருதிக்குப் போவதா என்பது கூட இடத்தைப் பொறுத்ததே. அன்றாடப் பேச்சில் சூழல் நமக்குக் கைகொடுக்கிறது. பியானோவின் முன்னால் அந்த உதவி கிடையாது. அங்கே இரண்டுக்குமே ஒவ்வொரு நொடியும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் என் வகுப்பில் ‘மெதுவாக’ என்ற சொல்லையே விலக்கிவைத்திருக்கிறேன். வேகத்துக்கு ‘நிதானமாக’, ‘விரைவாக’. ஒலிக்குத் ‘தணிவாக’, ‘உரக்க’. உங்கள் தாளில் ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் இந்த நான்கில் ஒன்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். 25ஆம் பாரில் ‘தணிவாக’ என்று எழுதியிருந்தால் அந்த வகுப்பு வேறுவிதமாக முடிந்திருக்கும்.

பழியை முழுவதும் மொழியின் மேல் போடவும் முடியாது. எந்த மொழி பேசுகிறவரானாலும் தொடக்கத்தில் இதே தவறைத்தான் செய்கிறார். உற்சாகம் கூடும்போது பேச்சு உரக்கவும் விரைவாகவும் ஆகிறது, சோர்வில் இரண்டும் தணிகின்றன. உடல் ஆயுள் முழுவதும் பழகிவைத்திருக்கும் இந்த இணைப்பைத்தான் பயிற்சியால் தளர்த்த வேண்டியிருக்கிறது.

இசையமைப்பாளர்கள் இந்த இணைப்பை நன்றாக அறிந்தவர்கள் என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் சொற்களே சான்று. ஒலி மட்டும் தணிய வேண்டுமென்றால் ‘டிமினுயெண்டோ’, வேகம் மட்டும் குறைய வேண்டுமென்றால் ‘ரிட்டார்டாண்டோ’ அல்லது ‘ரல்லெண்டாண்டோ’. இரண்டும் சேர்ந்து அடங்கிப்போக வேண்டுமென்றால் அதற்கென்றே ‘காலாண்டோ’, ‘மொரெண்டோ’ போன்ற தனிச் சொற்களை வைத்திருக்கிறார்கள். இன்னும் சுவையான ஒன்று ‘அல்லர்காண்டோ’: வேகம் விரிந்து குறைந்துகொண்டே வர, ஒலி பெரும்பாலும் பெருகிக்கொண்டே போகும். தணிவும் நிதானமும் இயல்பாகவே ஒன்றாகப் போக வேண்டியவை என்றால் இந்தச் சொல்லுக்கு வேலையே இருந்திருக்காது. ஆகவே தாளில் ‘டிமினுயெண்டோ’ மட்டும் இருந்தால், வேகத்தைத் தொடாதே என்ற கட்டளையும் அதனுள் அடங்கியிருக்கிறது என்று படியுங்கள்.

கையில் பிரிப்பதற்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. வலக்கையின் ஐந்து விரல்களையும் சி முதல் ஜி வரை வைத்து, ஏறி இறங்குங்கள்: சி, டி, ஈ, எஃப், ஜி, எஃப், ஈ, டி, மீண்டும் சி. மெட்ரோனோமை 60இல் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு சுரம். முதலில் எல்லாச் சுரமும் ஒரே ஒலியில். அடுத்து, கீழ் சியிலிருந்து ஜி வரை ஒலியை வளர்த்து, திரும்பும்போது தணியுங்கள். மெட்ரோனோம் ஒத்துப்போகத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டு, பழக்கத்துக்கு எதிராக வாசியுங்கள்: ஒலி வளர வளர வேகத்தைக் குறையுங்கள், ஒலி தணியத் தணிய விரைவுபடுத்துங்கள். முதல் நாள் விரல்கள் முரண்டு பிடிக்கும், சிரிப்பும் வரும். ஒரு வாரத்துக்குள் இரண்டு கயிறுகளும் தனித்தனியே கையில் இருப்பது தெரியத் தொடங்கும். அதன்பிறகு உங்கள் பாட்டின் 9ஆம் பாருக்குப் போங்கள்.

அந்த 9ஆம் பாரைப் பற்றி இன்னொன்று. ‘க்ரெஷெண்டோ’ என்றால் ‘வளர்ந்துகொண்டு’ என்று பொருள். ‘உரக்க’ என்று அல்ல. அந்தச் சொல்லைக் கண்டவுடன் பலரும் அந்த இடத்திலேயே அடித்து வாசித்துவிடுகிறார்கள். உங்கள் பாட்டில் அது 9ஆம் பாரில் தொடங்கி 13இல்தான் உச்சத்தை அடைகிறது, அதாவது நான்கு பார்கள், பன்னிரண்டு எண்ணிக்கைகள். சொல் எழுதப்பட்டிருக்கும் புள்ளியில் நீங்கள் இன்னும் ‘பி’யில்தான் நிற்கிறீர்கள். முதல் இரண்டு பார்களில் மிகக் கொஞ்சமாகச் செலவழித்து, பெரும்பகுதியை 11, 12ஆம் பார்களுக்குச் சேமித்துவையுங்கள்.

இரவுவாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘பி’, ‘எம்பி’, ‘எம்எஃப்’ மூன்றும் ஒன்றுபோல் கேட்கின்றன என்று சொல்கிறீர்கள். நீங்கள் வாசிப்பது எந்தக் கருவியில்? சில விலை குறைந்த கீபோர்டுகளில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒரே ஒலிதான் வரும். தொடு உணர்வு உள்ளவற்றிலும் அந்த அமைப்பு அணைந்து கிடக்கலாம். நான் ஐந்து மாதங்கள் என் விரல்களைக் குறைசொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் அமைப்புப் பட்டியலைத் திறந்தபோதுதான் தொடு உணர்வு ‘நிலையானது’ என்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

தளிர்விரல்:

கேட்டதற்கு நன்றி. என்னிடம் இருப்பது 88 கட்டைகள் கொண்ட, எடையுள்ள டிஜிட்டல் பியானோ. இப்போதுதான் பார்த்தேன், தொடு உணர்வு ‘நடுத்தரம்’ என்றே இருக்கிறது. வகுப்பில் வாசிப்பது கம்பிகள் உள்ள பியானோவில். அங்கேயும் இதே நிலைதான். ஆகவே குற்றவாளி நானேதான்.

சுத்தியல்காரர்:

பியானோக்களைச் சுருதி சேர்ப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். வாசிப்பில் நானும் உங்களைப் போன்ற மாணவனே. கட்டைக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொண்டால் விரலுக்கு வேலை எளிதாகும் என்பது என் அனுபவம்.

கட்டையை நீங்கள் அழுத்தும் ஆழம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அதற்குள் உள்ளே இருக்கும் சுத்தியல் அதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரம் பயணம் செய்கிறது. ஆனால் சுத்தியலைக் கம்பிவரை உங்கள் விரல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. கம்பியைத் தொட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே இணைப்பு விடுபட்டு, சுத்தியல் கையைவிட்டு எறிந்த பந்தைப் போலத் தானாகவே பறந்து கம்பியில் மோதித் திரும்புகிறது. அந்தக் கணத்தில் அது எவ்வளவு விரைவாகப் பறந்தது என்பதுதான் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு கட்டையின் அடியில் நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்திப் பிடித்தாலும் ஒலி மாறாது, தோள்தான் வலிக்கும். ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு அதை வளர்த்துக்கொண்டு போவதும் பியானோவில் நடக்காது, பிறந்த கணத்திலிருந்து அது தேய்ந்துகொண்டேதான் இருக்கும். பாடகரோ வயலின் வாசிப்பவரோ ஒரு சுரத்துக்குள்ளேயே செய்துவிடுகிற க்ரெஷெண்டோவை நாம் அடுத்தடுத்த சுரங்களைப் படிக்கட்டுபோல் அடுக்கித்தான் உண்டாக்க வேண்டும்.

ஆகவே ‘பி’ என்பது குறைந்த பலம் என்று நினைக்காமல், கட்டை கீழே இறங்கும் விரைவு குறைவு என்று நினையுங்கள். வகுப்பில் உள்ள பியானோவில் இதைச் செய்துபாருங்கள். நடு சி கட்டையை ஒலியே வராத அளவுக்கு மிகமிக நிதானமாக அடிவரை இறக்குங்கள். சுத்தியல் மேலே போகும், கம்பியை எட்டாமல் திரும்பிவிடும். அடுத்த முறை ஒரு மயிரிழை விரைவாக. எங்கோ ஓரிடத்தில் மூச்சுக்காற்றைப் போன்ற ஒரு ஒலி பிறக்கும். அதுதான் அந்தக் கருவியின் அடித்தளம், உங்கள் ‘பிபி’ (‘பி’யைவிடத் தணிந்த படி) அதற்குச் சற்று மேலே இருக்கிறது. பிறகு மறுமுனைக்குப் போங்கள்: மணிக்கட்டு இறுகாமல், ஒலி கரகரக்காமல் எட்டக்கூடிய மிக உரத்த ஒலி எது? இந்த இரு எல்லைகளையும் கண்ட பிறகே நடுவில் நான்கு படிகளை அமைக்க முடியும். எல்லைகளைத் தேடாமல் நடுவிலேயே உழல்வதால்தான் தொடக்கநிலையினரின் மூன்று படிகளும் ஒன்றாகக் கேட்கின்றன.

டிஜிட்டல் பியானோவிலும் தத்துவம் இதுவே. கட்டையின் கீழே உள்ள உணரிகள் ஒன்றைக் கடந்து அடுத்ததை அடைய எடுக்கும் நேரத்தை அளந்து, அந்த விரைவை 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவுசெய்கின்றன. கணினியுடன் இணைக்க முடிந்தால் உங்கள் ‘எம்பி’யும் ‘எம்எஃப்’பும் எந்த எண்களில் விழுகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். நான் முதன்முதலில் பார்த்தபோது என் இரண்டு படிகளுக்கும் இடையே வெறும் நான்கு எண்களே வேறுபாடு இருந்தது.

பியானோவின் பெயரே இதற்காக வந்ததுதான். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் கம்பியைச் சுத்தியல் அடிப்பதில்லை, இறகுத் தண்டு ஒன்று மீட்டிவிடும். எப்படித் தொட்டாலும் ஒலியளவில் பெரிய மாற்றம் வராது. ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த புதிய கருவியை, 1700ஆம் ஆண்டின் பொருட்பட்டியல் ஒன்று தணிவாகவும் உரக்கவும் ஒலிக்கக்கூடியது என்று குறிப்பிடுகிறது. ‘பியானோ ஃபோர்ட்டே’ என்ற அந்த இரு சொற்களில் ‘ஃபோர்ட்டே’ உதிர்ந்து, தணிவைக் குறிக்கும் பாதி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இடப்பக்கப் பெடலை மிதித்துத் தணிவை உண்டாக்கும் குறுக்குவழியை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கிராண்ட் பியானோவில் அது சுத்தியல்களைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒலியின் நிறத்தையே மாற்றுகிறது. விரல் கற்க வேண்டியதைக் கால் செய்துவிட்டால் விரல் ஒருபோதும் கற்காது.

அரைஎண்ணிக்கை:

மேலே இருவரும் ஒலியைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். ‘ரிட்.’ பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதப்பட்ட அளவு என்று எதுவும் இல்லை. ‘போக்கோ’ இருந்தால் கொஞ்சம், ‘மோல்ட்டோ’ இருந்தால் அதிகம், அவ்வளவுதான். ஆனால் ரிட்டார்டாண்டோவுக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறோம். சொல்லைக் கண்டவுடன் வேகத்தை ஒரே வெட்டாகக் குறைத்து, அதே குறைந்த வேகத்தில் இறுதிவரை வாசிப்பது ரிட்டார்டாண்டோ ஆகாது. அப்படி வேண்டுமென்றால் ‘மேனோ மோஸ்ஸோ’ (குறைந்த வேகத்தில்) என்று எழுதியிருப்பார்கள். ‘ரிட்டெனூட்டோ’ என்பதும் உடனடியாக இழுத்துப்பிடிப்பதைக் குறிக்கிறது. அதையும் சிலர் ‘ரிட்.’ என்றே சுருக்குவதால் குழப்பம் நேர்வதுண்டு. தொடக்கநிலைப் பாடல்களின் முடிவில் வரும் ‘ரிட்.’ பெரும்பாலும் படிப்படியானதே.

உங்கள் 31ஆம் பாரையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு அரை எண்ணிக்கைச் சுரங்களும், 32ஆம் பாரில் ஒரே நீண்ட கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். 80 வேகத்தில் ஒரு எண்ணிக்கை 0.75 வினாடி, ஆகவே ஒவ்வொரு அரை எண்ணிக்கையும் 0.375 வினாடி. நல்ல ரிட்டார்டாண்டோவில் அந்த ஆறு இடைவெளிகளும் ஏறத்தாழ 0.38, 0.39, 0.42, 0.46, 0.51, 0.60 வினாடி என்று நீளலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை; அவற்றின் போக்கை மட்டும் பாருங்கள். முதல் இரண்டில் மாற்றமே தெரியாது, கடைசி இரண்டில்தான் கேட்பவருக்கு நிற்கப்போகிறது என்பது புரிகிறது. ஓடிவருபவர் நிற்கும்போதும் இப்படித்தான் நடக்கிறது. சொல் தொடங்கும் முதல் சுரத்திலேயே காலை ஊன்றினால் தடுக்கி விழுந்தது போலிருக்கும்.

இதைக் கையாள்வதற்கு உள்ள ஒரே நம்பகமான கருவி, எண்ணிக்கையை உடைத்து எண்ணுவது. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணினால் இடைவெளிகள் பெரிதாகும்போது நடுவில் பிடிமானம் இல்லாமல் போய்விடும். “ஒன்று-உம், இரண்டு-உம், மூன்று-உம்” என்று வாய்விட்டு எண்ணுங்கள். 29ஆம் பாரிலிருந்தே, அதாவது வேகம் மாறுவதற்கு இரண்டு பார்களுக்கு முன்பிருந்தே, இப்படி எண்ணத் தொடங்குங்கள். முதலில் கட்டைகளைத் தொடாமல், மடியில் கைதட்டி எண்ணி மட்டும் பாருங்கள். அந்த ‘உம்’ நீளும் விதம் உங்கள் வாய்க்குப் பிடித்துவிட்டால் விரல் பின்தொடரும்.

கர்நாடக இசையில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது தாளம் அப்படியே நிற்க, சுரங்கள் சரியாக இரட்டிக்கின்றன, காலப்பிரமாணம் (தாளத்தின் அடிப்படை வேகம்) அசையாது. ரிட்டார்டாண்டோவிலும் அச்செலெராண்டோவிலும் (வேகம் படிப்படியாகக் கூடுவது) அசைவது அந்தக் காலப்பிரமாணமேதான். சிறுவயதில் வாய்ப்பாட்டு கற்ற எனக்கு, தாளத்தையே இளக்குவது ஏதோ குற்றம் செய்வதுபோல் நெடுநாள் இருந்தது.

‘ஆ டெம்போ’ பற்றியும் சொல்ல வேண்டும். வேகம் குறையும்போது படிப்படியாகக் குறைகிறது. திரும்பும்போது படிப்படியாகத் திரும்புவதில்லை. 17ஆம் பாரின் முதல் சுரத்திலேயே 80 வந்துவிட வேண்டும். ‘டெம்போ ப்ரீமோ’ என்று வேறொரு சொல்லும் பின்னாளில் எதிர்ப்படும். அது பாட்டின் தொடக்க வேகத்துக்குத் திரும்பச் சொல்வது. ‘ஆ டெம்போ’ கடைசியாக வேகம் இளகுவதற்கு முன்னிருந்த வேகத்துக்கு. உங்கள் பாட்டில் இரண்டும் ஒன்றே.

மரநிழல்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். மெட்ரோனோமை வைத்து ஒலியளவுப் பயிற்சி செய்வது விரல்களை இயந்திரமாக்கிவிடும் என்பது என் அனுபவம். இரண்டு ஆண்டுகள் அப்படிப் பயின்றபின், என் வாசிப்பில் எந்த வாக்கியமும் மூச்சுவிடவில்லை என்று ஒருவர் சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது. நல்ல வாசிப்பாளர்கள் யாரும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு க்ரெஷெண்டோவின் உச்சத்தில் இம்மியளவு தயங்குவதும், ஒரு வாக்கியத்தின் முடிவில் இம்மியளவு தளர்வதும்தான் இசையைப் பேச்சாக்குகின்றன. கேள்வி கேட்டவருக்கு இயல்பாக வரும் உணர்வை அடக்கிவிட்டு, பிறகு அதையே ரூபாட்டோ (உணர்ச்சிக்காக வேகத்தை இளக்கி வாசிப்பது) என்ற பெயரில் மீண்டும் கற்பிக்கப் போகிறோமா?

கருவெள்ளை:

மரநிழல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மெட்ரோனோமோடு நாள் முழுவதும் வாசிப்பது தீங்குதான். பத்து நிமிடம் அதனுடன் வாசித்தால், அடுத்த பத்து நிமிடம் அதை அணைத்துவிட்டு வாசிக்க வேண்டும். 80இல் தட்டவிடுவதற்குப் பதிலாகப் பாருக்கு ஒரு தட்டு மட்டும் வருமாறு வைத்தால், நடுவில் உள்ள இரண்டு எண்ணிக்கைகளை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும்; அதுவும் நல்ல வழி. அந்தக் கருவியின் வயதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மெல்ட்செல் அதற்குக் காப்புரிமை பெற்றது 1815இல்தான். அதற்கு முன் எழுதப்பட்ட இசைக்கெல்லாம் சொற்களும் வாசிப்பவரின் தீர்ப்புமே போதுமாக இருந்தன. இன்றும் ‘ஆண்டான்டே’ என்றால் ‘நடந்துகொண்டு’ என்றும், ‘அல்லெக்ரோ’ என்றால் ‘மகிழ்ச்சியாக’ என்றும்தான் பொருள். எண்கள் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை.

ஆனால் தளிர்விரல் அவர்களிடம் இப்போது நடப்பது ரூபாட்டோ அல்ல. ரூபாட்டோவில் தாளம் எங்கே இருக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரியும். தெரிந்தே அதிலிருந்து விலகித் திரும்புகிறார். 1777 அக்டோபரில் மோட்சார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அடாஜியோவில் (நிதானமான வேகத்தில் அமைந்த இசையில்) தன் வலக்கை இளகும்போதும் இடக்கை அதைப் பற்றி எதுவும் அறியாததுபோல் கண்டிப்பாகத் தாளத்தில் போவதைக் கண்டு மற்றவர்கள் வியப்பதாகச் சொல்கிறார். அந்த இடக்கைதான் முதலில் வேண்டும். பதிவைக் கேட்டுத் தானே திடுக்கிட்டதாகத் தளிர்விரல் எழுதியிருக்கிறார் அல்லவா? தான் செய்வது தனக்கே தெரியாத வேக மாற்றத்தை உணர்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது: 25ஆம் பாருக்குப் பின் இடக்கையின் ஒலியை வலக்கையைவிட ஒரு படி கீழே வையுங்கள். கீழ்ப்பகுதிக் கம்பிகள் நீளமும் தடிமனும் ஆனவை, நெடுநேரம் ஒலிப்பவை. இரு கைகளும் ஒரே விரைவில் இறங்கினால் துணைச் சுரங்கள் மெட்டை விழுங்கிவிடும். தாளில் ‘பி’ என்றிருப்பது இரண்டும் சேர்ந்து கேட்கவேண்டிய அளவு. மெட்டு மட்டும் அதற்குள் சற்றே மேலே மிதக்கலாம்.

தளிர்விரல்:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாள் முழுவதும் பென்சிலால் ‘தணிவாக’, ‘நிதானமாக’ என்று எழுதிவைத்ததைப் பார்த்த ஆசிரியை முதலில் சிரித்தார். பிறகு அவரும் அந்தச் சொற்களையே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஒலி வராமல் கட்டையை இறக்கும் சோதனையைச் செய்தபோது, என் பழைய ‘பி’ உண்மையில் ‘எம்எஃப்’ என்று தெரிந்தது. எனக்குக் கீழே அத்தனை இடம் காலியாக இருந்திருக்கிறது. வேகம் குறையக் குறைய ஒலியை வளர்க்கும் பயிற்சி ஐந்தாம் நாள் வரை வரவேயில்லை. ஆறாம் நாள் வந்துவிட்டது.

புதிய பதிவில் 25ஆம் பார் தளரவில்லை. 31ஆம் பார் நீங்கள் ஊகித்தபடியே ஆறு அரை எண்ணிக்கைகள்தான்; ‘உம்’ போட்டு எண்ணியதில் கடைசி கார்டு இடறாமல் வந்து அமர்கிறது. ஒரே ஒரு குறை மிச்சமிருக்கிறது. 17ஆம் பாரின் ‘ஆ டெம்போ’வில் நான் திரும்பும் வேகத்தை அளந்து பார்த்தால் 80 வருவதில்லை, 72 அல்லது 74இல் நின்றுவிடுகிறது. அடுத்த நான்கு பார்களில்தான் பழைய வேகத்தைப் பிடிக்கிறேன்.

அரைஎண்ணிக்கை:

உங்கள் காது 16ஆம் பாரின் தளர்ந்த வேகத்தை அளவாக எடுத்துக்கொள்வதால் அப்படி நேர்கிறது. அதைவிடச் சற்று விரைவாகப் போனாலே பழைய வேகம் வந்துவிட்டதாக அதற்குத் தோன்றும். அளவுகோலை 16ஆம் பாரிலிருந்து எடுக்காதீர்கள். 17ஆம் பாரில் தொடக்க மெட்டே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வேலை எளிது. 16ஆம் பாரின் கடைசிச் சுரத்தை வாசித்து, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டின் முதல் பாரை அதன் அசல் வேகத்தில் மனத்துக்குள் பாடிவிட்டு, பிறகு உள்ளே நுழையுங்கள். முதல் சில நாட்களுக்கு அந்த இடத்தில் தாளம் உடைந்து ஒரு முழு பார் அளவுக்கு இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை. வேகம் பிடிபட்ட பிறகு, மனத்துக்குள் பாடுவதை இரண்டு எண்ணிக்கையாகவும், பின்னர் ஒரே எண்ணிக்கையாகவும் சுருக்கிக்கொண்டே வாருங்கள். பதிவில் 1ஆம் பாரையும் 17ஆம் பாரையும் மட்டும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டிக் கேட்டால், 74க்கும் 80க்கும் உள்ள வேறுபாடு அளக்காமலே காதில் விழும்.